பற்று வரவு: கொங்கு நாட்டு மளிகை வணிகம்

நுழையும்முன்

மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், மிளகு, சீரகம் என நீளும் அப்பட்டியலைத் தன் பக்கம் ஈர்க்கத் தெருமுனைக் கடையும் நகரத்துப் பேரங்காடியும் போட்டியிடுகின்றன. அப்போட்டியில் விலைப்பலகைக்குப் பின்னால் இயங்கும் கணக்கை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வீடு, நான்கு கடைகள்

பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், ஆழியாற்றுப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் விளையும் ஊர் ஆனைமலை. மாசாணியம்மன் கோவிலால் பெயர்பெற்ற இவ்வூரில் ஒரு குடும்பம் தனக்கு வேண்டிய பொருள்களை எங்கெங்கு வாங்குகிறது என்று பார்த்தாலே சில்லறை வணிகத்தின் முழுப்படமும் கிடைத்துவிடும். அரிசியும் சர்க்கரையும் நியாயவிலைக் கடையில். தக்காளியும் கத்தரியும் சந்தையில். சம்பளம் கைக்கு வந்ததும் பேருந்தேறிச் சென்று பொள்ளாச்சிப் பேரங்காடியில் பருப்பு, எண்ணெய், சோப்பு. திடீரென விருந்தினர் வந்தாலோ தாளிக்கும் நேரத்தில் கடுகு தீர்ந்துபோனாலோ தெருமுனை மளிகைக்கடை.

இது மாதச் சம்பளம் வாங்கும் வீட்டின் நிலை. தோப்பில் தேங்காய் உரிக்கும் தொழிலாளியின் வீட்டில் மாதத் தொடக்கம் என்ற ஒன்று இல்லை. வாரக் கூலி கிடைக்கும் நாள் மட்டுமே உண்டு. “எழுதிக்கோங்கண்ணா, சனிக்கெழம கொடுத்தர்றனுங்க” என்று அவ்வீட்டுப் பெண் கூறுவார். “சரி அம்மிணி” என்று கடைக்காரர் நோட்டைத் திறப்பார். பொருளின் விலை அங்கே பேசப்படுவதே இல்லை. அக்குடும்பத்திற்குக் கிலோவுக்கு மூன்று ரூபாய் மிச்சம் என்பதைவிட, கையில் பணமில்லாத புதன்கிழமையும் உலை கொதிக்கும் என்பதே பெரிது.

அங்காடி வந்த வழி

பகற்கடையை நாளங்காடி என்றும் இராக்கடையை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது மதுரைக்காஞ்சி. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அந்த அங்காடியின் இடத்தை வாரச்சந்தை வகித்தது. படியாலும் வள்ளத்தாலும் தானியம் அளந்த காலத்தில், அளக்கும் கையின் மீதே வாங்குவோரின் கண் நின்றது. சரியான எடை, சரியான விலை என்னும் எதிர்பார்ப்பே கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கும் வழிவகுத்தது. 1904இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இவ்வகையில் முன்னோடியாகும். கோவையில் கூட்டுறவு அங்காடிக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘சிந்தாமணி’. நினைத்ததைத் தரும் மணி என்னும் பொருளுடைய அச்சொல், எல்லாப் பொருளும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் கடைக்கு எவ்வளவு பொருத்தம்!

தனியார் முயற்சிகளும் இப்பகுதியில் முன்பே வேர்விட்டன. 1905இல் நீலகிரியில் வெண்ணெய் வணிகமாகத் தொடங்கிய ‘நீல்கிரிஸ்’, 1936இல் பெங்களூருக்குச் சென்று, பின்னர்த் தென்னிந்திய நகரங்களில் பேரங்காடியாக வளர்ந்தது. 1965இல் கோவையில் வேர்கொண்ட பழமுதிர் நிலையம் பழக்கடையிலிருந்து கிளைத்தது. முருகனின் படைவீடாகிய பழமுதிர்சோலையை நினைவூட்டும் அப்பெயர் மக்கள் நாவில் நன்கு படிந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் வெவ்வேறு உரிமையாளர்களின் பழக்கடைகள் ‘பழமுதிர்’ என்ற சொல்லைத் தாங்கி நிற்கின்றன. ஒரு கடையின் சிறப்புப்பெயர் ஒரு தொழிலின் பொதுப்பெயராகும் அளவுக்கு நெருங்குவது, எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத வெற்றி. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோர், பொள்ளாச்சி உள்ளிட்ட கொங்கு நகரங்களில் கிளை பரப்பியது.

கைக்குக் கிடைத்த உரிமை

முன்பெல்லாம் வாங்குபவர் மேசைக்கு வெளியே நின்று கேட்பார். கடைக்காரர் உள்ளே நின்று எடுத்துத் தருவார். இம்முறையை மாற்றிய கடைகளுள் முதன்மையானது, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த ‘பிக்லி விக்லி’. அங்கே வாங்குபவரே கூடையுடன் உள்ளே சென்று பொருளை எடுத்துக்கொண்டார். ஆட்கூலி குறைந்தது, கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கும் பழக்கமும் கூடவே வந்தது.

கொங்கு நாட்டில் இம்முறை வேறொரு காரணத்தால் விரும்பப்பட்டது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது, தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது, பருப்பை உள்ளங்கையில் தேய்த்து முகர்வது எனச் சமைப்பவரின் அறிவு கைவழியே செயல்படுவது. அந்த உரிமையைக் காய்கனிப் பிரிவில் தாராளமாக அளித்த அங்காடிகளே நிலைத்தன எனலாம். அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைக்கும் சோற்றை வாரந்தோறும் உண்ணும் மக்களிடம், வேகாத பருப்பை ஒருமுறைதான் விற்க முடியும். கடலை எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, ஈரோட்டு மஞ்சள் ஆகியவற்றின் தரத்தில் இவர்களை ஏமாற்றுவதும் எளிதன்று. எங்கோ தொலைவில் அமர்ந்து ஒரே பட்டியலை நாடு முழுவதற்கும் வகுக்கும் பெருநிறுவனத்தைவிட, இந்த நாக்கை அறிந்த வட்டார அங்காடி இவ்விடத்தில் முந்துகிறது.

ஆயினும் அங்காடியின் அடுக்கு முறையில் தந்திரமும் உண்டு. சர்க்கரையை அடக்கவிலைக்கும் குறைத்து விற்பார்கள்; அதை வாங்க வந்தவர் பிஸ்கட்டும் பற்பசையும் சேர்த்து வாங்கும்போது இழப்பு ஈடாகிவிடும். அன்றாடம் தேவைப்படும் அரிசியும் பருப்பும் கடையின் உட்பகுதியில் இருக்கும். அவற்றை அடைய எல்லா வரிசைகளையும் கடந்தாக வேண்டும். இலாபம் கூடுதலாகத் தரும் பொருள் கண்மட்டத்தில் இருக்கும். ‘ஒருவருக்கு இரண்டு பொட்டலம் மட்டுமே’ என்ற அறிவிப்புக்கும் காரணமுண்டு. மண்டி விலையைவிடச் சலுகை விலை குறைந்த நாளில், தெருமுனைக் கடைக்காரரே அங்கு வந்து வாங்கிச் செல்வார்!

யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்?

போட்டியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர் பொள்ளாச்சி மண்டியில் 50,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார் எனக் கொள்ளலாம். பெரும்பகுதியை உடனே செலுத்தியாக வேண்டும். அச்சரக்கில் 20,000 ரூபாய்க்குரியது வாடிக்கையாளர் கணக்கு நோட்டில் பற்றாக நிற்கும். அதாவது, தம் பணத்தை ஊருக்குக் கடனாக அளித்தே அவர் வணிகம் செய்கிறார். அதற்கு வட்டி இல்லை. பொருளின் விலையில் கூடியிருக்கும் ஓரிரு ரூபாயே அவ்வட்டி எனலாம்.

பேரங்காடியில் பணம் எதிர்த்திசையில் பாய்கிறது. 10 இலட்சம் ரூபாய்ச் சரக்கை 30 நாள் தவணையில் பெறும் அங்காடி, அதனை 15 நாளில் விற்றுவிட்டால், எஞ்சிய 15 நாளும் அப்பணம் அதன் கையில் இருக்கும். வாங்குபவர் உடனே பணம் தருகிறார். சரக்கு கொடுத்தவர் காத்திருக்கிறார். தெருக்கடை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து வாழ்கிறது. பேரங்காடி சரக்கு கொடுத்தவரிடம் கடன் பெற்று வளர்கிறது. பல கடைகளுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவதால் கிடைக்கும் தள்ளுபடியுடன், இந்தப் பணமும் சேர்ந்தே குறைந்த விலைக்கு இடந்தருகிறது.

இந்த ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1997இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘சுபிக்‌ஷா’, குளிரூட்டப்படாத சிறிய கடைகளை வீடுகளுக்கு அருகில் திறந்து மலிவு விலையால் மக்களை ஈர்த்தது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகள் எழுந்தன. விரிவாக்கத்திற்குக் கடன் வாங்கிய பணம் செலவாயிற்று. 2008ஆம் ஆண்டின் இறுதியில் புதிய கடன் கிடைக்காமற் போனபோது, சரக்கு தந்தோருக்கும் ஊழியருக்கும் பணம் தர இயலவில்லை. சரக்கு நின்றது, அடுக்குகள் வெறுமையாயின. 2009இல் கடைகள் மூடப்பட்டன. விலை குறைவு என்று வந்த வாடிக்கையாளர் விலகவில்லை. அவருக்குக் கொடுக்கப் பொருள்தான் இல்லை. 2002இல் மும்பையில் முதற்கடையைத் திறந்த ‘டிமார்ட்’ இதற்கு மாறான வழியில் சென்றது. சரக்கு தந்தோருக்கு விரைவாகப் பணம் கொடுத்து, அதன்வழித் தள்ளுபடி பெற்று, மெல்ல மெல்லக் கிளைகளைக் கூட்டியது.

அரசும் உழவரும்

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை விரைவில் கோவை, பொள்ளாச்சி ஆகிய ஊர்களுக்கும் வந்தது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடைப்பட்ட விலை பலகையில் எழுதப்பட்டது. இடைத்தரகர் இன்றி உழவரே விற்றார். அருகிலுள்ள காய்கறிக் கடைகளும் அந்தப் பலகையைப் பார்த்தே தம் விலையைச் சொல்ல வேண்டியதாயிற்று; வாங்காதவருக்கும் பயன் தந்த பலகை அது. 2012இல் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடுவரை அந்நிய முதலீட்டை நடுவண் அரசு அனுமதித்தபோது, தமிழ்நாடு அரசு அதனை ஏற்க மறுத்தது. சிறுவணிகரின் வாழ்வு குறித்த அச்சம் அம்மறுப்பின் பின்னணியில் இருந்தது.

அவ்வச்சம் பொய்யன்று; எனினும் சிறுகடைகளும் கைகட்டி நிற்கவில்லை. கைப்பேசியில் பட்டியல் பெற்று வீட்டுக்கே அனுப்புகின்றன. ஒட்டுத்தாளில் அச்சிட்ட கட்டத்தைக் காட்டிப் பணம் பெறுகின்றன. பேரங்காடியும் தெருக்கடையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கொசுறாகக் கொடுத்த பழக்கமே ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என அங்கே உருமாறியிருக்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு: கொசுறின் விலை எங்கும் கூட்டப்படுவதில்லை.

இன்றும் மாத முதல் வாரத்தில் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை வரும் மாலைப் பேருந்தில் பெயர் அச்சிட்ட பைகள் நிறைந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் அப்பைகள் குறையும். தெருமுனைக் கடையின் கணக்கு நோட்டில் பக்கங்கள் கூடும். பேருந்தில் பையுடன் வந்தவரின் பெயரும் அந்நோட்டில் இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. துவரம்பருப்பு, கடலை எண்ணெய், சர்க்கரை, மிளகாய்த்தூள், சோப்பு ஆகியவற்றின் விலையை உம் ஊரிலுள்ள மூன்று வகைக் கடைகளில் கேட்டறிக. சிறிய, பெரிய பொட்டலங்களின் விலையைக் கிலோ அளவுக்கு மாற்றி ஒப்பிடுக. பேருந்துக் கட்டணத்தையும் கடன் வசதியையும் கணக்கில் கொண்டு, மாதச் சம்பளக் குடும்பத்திற்கும் வாரக்கூலிக் குடும்பத்திற்கும் எக்கடை ஏற்றது எனக் கலந்துரையாடுக.

2. சிட்டை, கொசுறு, மண்டி, அடக்கவிலை, பற்று போன்று உம் பகுதி வணிகர் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவை வழங்கும் சூழலுடன் வகுப்பறையில் விளக்குக.