கலம் முதல் உடல் வரை

மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். அப்பிறவிக்கு வாய்த்த இந்த உடம்பு எவ்வாறு அமைந்திருக்கின்றது என்பதை எம்மில் பலர் பாடசாலையோடு மறந்துவிட்டோம். வைத்தியரிடம் போகும்போது மாத்திரமே அது நினைவுக்கு வருகின்றது. ஆதலால் இம்மலரில் அதுபற்றிச் சிறிது எழுதலாமென எண்ணினேன்.

உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகு கலம் ஆகும். 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த றொபேட் ஹூக் என்பவர் தக்கைத் துண்டொன்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அதிலே கண்ட சிறு அறைகளுக்கு இப்பெயரை இட்டார். தாவரங்களும் விலங்குகளும் கலங்களாலேயே ஆனவை என்பதை 1838, 1839ஆம் ஆண்டுகளில் சிலெயிடன், சுவான் என்னும் ஜேர்மனியர் இருவர் எடுத்துக் கூறினர். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருப்பதாக இன்று கணக்கிடுகின்றனர். தாயின் வயிற்றில் தோன்றிய ஒரேயொரு கலம் பிரிந்து பிரிந்தே இவை அனைத்தும் உண்டாயின என்று நினைக்கும்போது வியப்பு மேலிடுகின்றது.

பிரிந்த கலங்கள் யாவும் ஒரே வேலையைச் செய்வதில்லை. செங்குழியம் ஒட்சிசனைக் காவுவதற்காகத் தனது கருவையே இழந்து, ஏறக்குறைய 120 நாட்கள் உழைத்து மடிகின்றது. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்புக் கலத்தின் நாரோ ஒரு மீற்றர் அளவு நீளமானது. இந்த நீளத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னர் தேவைப்படும்.

ஒத்த வேலையைச் செய்யும் கலங்கள் கூடினால் இழையம். மேலணியிழையம், தொடுப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம் என அது நால்வகைப்படும். இழையங்கள் பல சேர்ந்தது அங்கம். இரைப்பையை எடுத்துக்கொண்டால், அமிலம் சுரக்கும் மேலணி, அதைத் தாங்கும் தொடுப்பிழையம், உணவைப் பிசையும் தசை, பிசைவதைச் சீராக்கும் நரம்பு ஆகிய நான்கும் அந்த ஒரு பையிலே இருக்கின்றன. அங்கங்கள் சேர்ந்து சமிபாட்டுத் தொகுதி, சுற்றோட்டத் தொகுதி போன்ற தொகுதிகளாகும். தொகுதிகள் எல்லாம் கூடியதே மனிதன் என்னும் அங்கி.

எழுதுவினைஞனாகக் காலம் கழித்த எனக்கு இவ்வொழுங்கு ஒரு கந்தோரையே நினைவூட்டுகின்றது. மூலையிலுள்ள ஒரு மேசையிலிருந்து கடிதம் போகாவிட்டால் முழுக் கந்தோரும் தடுமாறும். நீரிழிவும் அப்படித்தான். சதையி என்னும் அங்கத்தில் இலங்கர்கான் சிறுதீவுகள் எனப்படும் கலக் கூட்டங்கள் உள்ளன. அவ்வங்கத்தின் நிறையில் இவை நூற்றில் ஓரிரு பங்குதான். இவற்றிலுள்ள பீற்றாக் கலங்களே இன்சுலினைச் சுரக்கின்றன. தசைக் கலங்கள் குருதியிலுள்ள குளுக்கோசை வேண்டிய அளவு உள்ளெடுப்பதற்கு இன்சுலினே அனுமதிக் கடிதம். கடிதம் வராவிட்டாலும், வந்த கடிதத்தைக் கலங்கள் மதியாவிட்டாலும் சீனி குருதியிலேயே தேங்கும்.

அவ்வாறு ஆண்டுக்கணக்கில் தேங்கும் சீனி நுண்ணிய குருதிக் குழாய்களைக் கெடுக்கின்றது. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள் உள்ளன, அவை பழுதடையும். கண்ணின் விழித்திரையும் பாதிக்கப்படும். நரம்புகளில் முதலில் அடிபடுபவை மிக நீளமானவை. மேலே சொன்ன ஒரு மீற்றர் நரம்பு இதுதான். அதனாலேயே உணர்ச்சி பாதத்திலிருந்து மரக்கத் தொடங்குகின்றது.

திருவிழாக் காலத்தில் உச்சி வெய்யிலில் வீதி வலம் வரும் அடியார்களுக்கு இது முக்கியமானது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சுடுமணல் சுடுவது தெரியாது; முள் ஏறினாலும் தெரியாது. புண் பெருத்த பின்பே தெரியும். அப்படியானவர்கள் மண் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் வலம் வரலாம். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்க்கவேண்டும். குனிய இயலாதவர் பிள்ளைகளைக் கொண்டு பார்ப்பிக்கலாம். கண்ணாடி ஒன்றை நிலத்தில் வைத்தும் பார்க்கலாம். இன்சுலின் ஏற்றுபவர்களும் சீனிக்குக் குளிசை எடுப்பவர்களும் கந்தசஷ்டி போன்ற விரதங்களைத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளவேண்டும். மூளைக் கலங்களுக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோசுதான். அது மிகக் குறைந்தால் வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரும். அவ்வேளையில், நினைவோடு இருப்பவருக்கு உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவும்.