மடுவிலிருந்து வந்த அம்மாவுக்குப் பாரிஸில் எதைக் காட்டுவது?

கேள்வி: இலங்கையின் மடுவிலிருந்து என் அம்மா முதன்முறையாகப் பாரிஸுக்கு வந்திருக்கிறார். எங்கெல்லாம் அழைத்துப் போகலாம்?

பதில்: ஈபிள் கோபுரத்தையும் லூவர் அரும்பொருட்சாலையையும் ஒரே நாளில் காட்டி முடித்துவிட வேண்டுமென்று பிள்ளைகள் கொள்ளும் ஆவேசம், படிகள் மலிந்த சுரங்க ரயில் நிலையங்களில் தாய்மாரின் முழங்கால்களுக்கே தண்டனையாகிறது. பேருந்தையே நம்புங்கள், ஜன்னலோரத்தில் அமர்ந்தபடியே சேன் நதியையும் பாலங்களையும் அவர் பார்த்துவிடுவார்.

ஒல்லாந்தரின் உபத்திரவத்துக்கு அஞ்சி, மரபின்படி 1670இல், மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட மடு மாதாவின் திருச்சொரூபம், 2008இல் யுத்தத்தினால் மீண்டும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்ததை அறிந்த ஒருவருக்கு, 1830இல் இளம் துறவி கத்தரீன் லபூரேக்கு மாதா காட்சியளித்ததாக விசுவாசிகள் போற்றும் பாக் வீதிச் சிற்றாலயம், எந்த அரண்மனையினும் மேலான தரிசனமாகும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு மாலை, தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கும் அழைத்துச் செல்லுங்கள்; நீங்கள் பல்லாண்டு வாழ்ந்தும் அறியாத ஊர்ச் சனங்களை அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்!

இயன்றால், 1858இல் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமியால் பிரசித்தி பெற்ற லூர்து க்ஷேத்திரத்துக்கும் ஒரு யாத்திரை செய்யுங்கள். பாரிஸிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய 5 மணி நேரப் பிரயாணம். மடுவின் ஆவணித் திருவிழா நாளான ஆகஸ்ட் 15ஆம் தேதியன்று அங்கும் பெருங்கூட்டம் திரளுமாதலால், தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.