வேல மரங்களை இலையாலும் பட்டையாலும் அறிதல்

திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை முதலிய எல்லைப்புறக் கிராமங்களில், ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் காணப்படும் வேல மரங்கள் கருவேல், வெள்வேல், சீமைக் கருவேல் என மூவகைப்படும். தெலுங்கு பேசுவோர் இவற்றை முறையே நல்ல தும்ம, தெல்ல தும்ம, சர்க்கார் தும்ம என வழங்குவர். மூன்றும் முள்ளுடையவை, மூன்றின் இலைகளும் சிற்றிலைகளாய்ப் பிரிந்தவை. ஆதலின் ஒன்றை மற்றொன்றெனக் கருதி வெட்டிவிட நேரிடுகின்றது.

சீமைக் கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ஆம் ஆண்டில் அதன் விதைகள் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. விறகுக்கு உதவுமாயினும், ஏரி உள்வாய்களிலும் தரிசுகளிலும் அடர்ந்து பரவிப் பிற செடிகளைத் தலையெடுக்கவொட்டாது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை அகற்றுமாறு உத்தரவிட்டது. கருவேலோ நம் நாட்டு மரம். ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கட்டையும், தோல் பதனிடப் பட்டையும், ஆடுகளுக்கு நெற்றும் தருவது. அதனைத் தவறி வெட்டின், அவ்வளவு வைரமேறிய மரம் மீண்டும் கிடைக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

இலை: முதலில், இலையின் நடுக்காம்பினின்று இருபுறமும் பிரியும் கிளைக்காம்புகளை எண்ணுதல் வேண்டும். சீமைக் கருவேலில் இவை பெரும்பாலும் 1 அல்லது 2 ஜோடியே; 3 ஜோடி அரிது. சிற்றிலைகள் நீண்டிருக்கும். கருவேலில் 3 முதல் 8 ஜோடி வரையும், வெள்வேலில் 5 முதல் 12 ஜோடி வரையும் காணலாம். கருவேலின் சிற்றிலை நெல்மணியினும் சிறியது. ஓர் இலையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. முதிர்ந்த கிளைகளில் பத்து இலைகளேனும் பார்த்தல் நலம்.

பட்டை: கருவேலையும் வெள்வேலையும் பட்டையே பிரித்துக் காட்டும். அடிமரத்தில் மார்பளவு உயரத்தில் நோக்குக. இளங்கிளையின் பட்டை ஏமாற்றும். கருவேலின் பட்டை கறுத்து, நெடுக ஆழமாய் வெடித்திருக்கும். வெள்வேலின் பட்டை மஞ்சள் கலந்த வெண்மையுடையது. முற்காலத்தில் சாராயம் காய்ச்சப் பயன்பட்டது. சீமைக் கருவேலின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறம். அம்மரம் பெரும்பாலும் அடியிலேயே பல தண்டுகளாய்ப் பிரியும். சிறுகிளைகள் கணுவுக்குக் கணு வளைந்து செல்லும்.

ஐயம் எஞ்சின் பூவையும் நெற்றையும் பார்க்கலாம். கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. நெற்று மணி கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். வெள்வேலின் பூ வெளிறிய சிற்றுருண்டைகளாய்ப் பெருங்கொத்தில் தோன்றும். சீமைக் கருவேலின் பூ நீண்ட கதிர். நெற்று தட்டையாய் மஞ்சள் நிறமுடையது.

புறம்போக்கு மரங்களை ஏலம் விடுமுன், கிராம அதிகாரிகள் நிறுத்த வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பால் குறியிடுதல் அவசியம். சீமைக் கருவேலை மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்குமாதலின் வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். நெற்றைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தால் விதை பரவும். எனவே நெற்று முற்றுமுன் இவ்வேலையை முடித்தல் உத்தமம்.