ஆவணத் தரவுத்தளத்தோடு இணையும் முறை

பல்லேபொலத் தோட்டங்களிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பயின்றோரின் பெயரேட்டைக் கணினியில் ஏற்ற முற்பட்டோம். ஒருவருக்கு முகவரி ஒன்றே. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றவருக்கோ தோட்டத்து முகவரியும் தமிழ்நாட்டு முகவரியும் உள. வேறொருவருக்குத் தந்தை பெயரன்றி யாதும் இல்லை. எல்லார்க்கும் ஒரே நிரல்களை வகுக்கும் அட்டவணையில் வெற்றிடங்களே மிகும்.

ஆவணத் தரவுத்தளமோ ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய புலங்களோடு தனி ஆவணமாக ஏற்கும். 2009இல் வெளிவந்த மொங்கோ டீபீ இத்தகையது.

உயர்தர வகுப்பிற் பைதன் கற்றோர்க்கு இதனோடு இணைதல் எளிது. முதலிற் சேவையகத்தை இயக்குக. அடுத்து, பைமொங்கோ என்னும் செய்நிரல் நூலகத்தை நிறுவுக. அதிலுள்ள ‘மொங்கோகிளையன்ட்’டுக்குச் சேவையகத்தின் முகவரியையும் 27017 என்னும் துறை எண்ணையும் கொடுக்க. பின்னர்த் தரவுத்தளத்தையும் அதனுள் ஒரு தொகுதியையும் பெயரிட்டுச் சுட்டி, ‘இன்சேர்ட்_வன்’ கொண்டு ஆவணத்தை இடுக. ‘ஃபைண்ட்_வன்’ கொண்டு மீளப் பெறுக.

முதற்படியிற் பிழை தோன்றாமையால் இணைந்துவிட்டோம் எனக் கொள்ளற்க. சேவையகம் இயங்காவிடின், ஆவணத்தை இடும்போதோ தேடும்போதோதான், வழக்கமாக 30 செக்கன் கழிந்தபின், பிழை வெளிப்படும்.

இன்னுமோர் எச்சரிக்கை. ஓர் ஆவணத்தில் ‘முகவரி’ என்றும் மற்றொன்றில் ‘விலாசம்’ என்றும் புலத்துக்குப் பெயரிட்டால், நாம் விதி வகுத்தாலன்றித் தரவுத்தளம் தடுக்காது. ‘முகவரி’யைத் தேடுங்கால் மற்றவர் அகப்படார். கடல் கடந்தும் ஏட்டில் நிலைத்த மாணவர் நம் சொற்குழப்பத்தால் மறைதல் தகுமோ? ஆதலின், முதலிற் சொற்களை வரையறுத்துப் பின்னரே இணைப்பைத் தொடங்குவோமாக.