கொழுப்பும் புரதப் படிவும்

உடற்பருமன் என்றதும் நீரிழிவும் இதயநோயும் நம் நினைவிற்கு வருகின்றன. சிறுநீரகத்தில் புரதம் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும் அரிய நோய் ஒன்றிற்கும் பருமனுக்கும் தொடர்பு உண்டென்பதைப் பலர் அறியார். அத்தொடர்பினை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

அந்நோயின் பெயர் அமிலாய்டு நோய். பெயரிலேயே ஒரு பிழை உறைந்துள்ளது. உறுப்புகளில் படிந்திருந்த பொருள், அயோடின் பட்டதும் மாவுப்பொருள் போல நிறம் மாறக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ, 1854இல் 'மாவுச்சத்துப் போன்றது' எனப் பொருள்படும் இப்பெயரை அதற்கு இட்டார். 1859இல் அது புரதமே எனத் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்நோயின் வகைகள் பல. அவற்றுள் 'ஏஏ' என்னும் வகையே நம் கட்டுரைக்குரியது. உடலில் அழற்சி தோன்றும்போது கல்லீரல் ஒருவகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அழற்சி தணிந்தால் அதன் அளவும் குறையும். அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தாலோ, அப்புரதத்தின் சிதைவுகள் கரையாத இழைகளாகத் திரண்டு சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் படியக்கூடும். இந்தியாவில் இதற்கு முதன்மைக் காரணமாக அறியப்பட்டது காசநோய். முடக்குவாதமும் மற்றொரு காரணம்.

எனினும், காசநோயோ முடக்குவாதமோ இல்லாத சிலரிடமும் இப்படிவு காணப்பட்டது. அத்தகையோரை ஆராய்ந்த ஜெர்மனியின் ஹைடல்பர்க் அறிஞர்கள், உடற்பருமன் இந்நோய்க்கு இடமளிக்கும் ஒரு கூறு என 2018இல் எடுத்துரைத்தனர். இஃது எவ்வாறு நிகழும்? கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதுவே சுரக்கிறது. காய்ச்சலாகவோ வலியாகவோ வெளிப்படாமல், நீறுபூத்த நெருப்பாய் அவ்வழற்சி நீடிக்கிறது.

பருத்தவர் அனைவரும் இந்நோய்க்கு ஆளாவர் என்று கொள்ளற்க. மிகப் பெரும்பாலோர்க்கு இது வருவதில்லை. ஆயினும் பருமன் நம்மிடையே அரிதன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையினர். அதாவது உடல்நிறை எண் 25ஐ எட்டியோர். 160 செ.மீ. உயரமுள்ளவர் 64 கிலோவிலேயே அவ்வெல்லையை அடைந்துவிடுகிறார். அத்தகையோர் நம் ஆர்.எஸ்.புரத்தின் ஒவ்வொரு தெருவிலும் உளர்.

இங்குதான் ஓர் இடர் உள்ளது. பருத்தவரின் கால் வீங்கினால், "உடம்பு கனம், அதனால்தான்" என்று வீட்டாரும் அண்டை அயலாரும் கூறிவிடுகின்றனர். அவ்வீக்கம் சிறுநீரில் புரதம் வெளியேறுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். சிறுநீர் நுரைத்துக் கழிவதும் அத்தகையதே. எளிய சிறுநீர்ச் சோதனை ஒன்று அதனைக் காட்டிவிடும். பிற காரணங்களும் உண்டாதலின், தேவையெனில் மருத்துவர் சிறுநீரகத் திசுவில் சிறு துணுக்கினை எடுத்துச் சோதிப்பர். காங்கோ சிவப்பு என்னும் சாயம் ஏற்றிய அமிலாய்டு, முனைவாக்கப்பட்ட ஒளியில் பச்சையாய் ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அழற்சியின் மூலத்தைக் கண்டு அடக்குவதே மருத்துவத்தின் அடிப்படை; காலம் தாழ்த்தின் சிறுநீரகத்தை மீட்பது அரிது.

அளவறிந்து உண்ணுமாறு வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் அறிவுறுத்தினார். அவ்வறிவுரையைப் போற்றுவோம், பருத்தவரின் நோயை அவர்தம் எடையின்மேல் ஏற்றிப் புறக்கணியாதிருப்போம்.