ஒரே பெயரா, இரு பெயரா?

வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு 'அஞ்சல்' என்னும் சொல் புதிதன்று. டில்லியில் வாசிக்கப்படும் செய்தியை வாங்கி, திருச்சி நிலையம் மறுபடியும் ஒலிபரப்புவதை அஞ்சல் செய்தல் என்பர். மாடியறைக்கு இணையம் எட்டவில்லை என்றதும் நாம் வாங்கிவந்து பிளக்கில் செருகுகிறோமே, அந்த வைஃபை எக்ஸ்டெண்டரும் இத்தகைய அஞ்சல் கருவிதான். நீட்டிப்பது என்று அதற்குப் பெயர். உண்மையில் அது எதையும் நீட்டுவதில்லை. கீழே உள்ள ரவுட்டர் சொல்வதைக் கேட்டு, அதையே திரும்பச் சொல்கிறது, அவ்வளவே. இதை மனத்திற் கொண்டால் அக்கருவியை எங்கே வைப்பது, அதற்கு என்ன பெயரிடுவது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் வழி பிறக்கும். இவ்விரண்டைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றேன்.

முதலில் இடம். நூறடி நீளமுள்ள ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆசிரியரின் குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. ஆகவே இடையில் ஒரு மாணவனை நிறுத்தி, கேட்டதை உரக்கச் சொல்லும்படி பணிக்கிறோம். அவனைக் கடைசி வரிசையிலேயே நிறுத்தினால் என்ன ஆகும்? அவனுக்கும் பாடம் சரியாகக் கேட்காது. அரைகுறையாகக் கேட்டதை அவன் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பயனில்லை. நம்மவர் பெரும்பாலும் செய்வது இதுதான். சிக்னல் கிடைக்காத அறைக்குள்ளேயே எக்ஸ்டெண்டரைச் செருகிவிட்டு, கைபேசியில் கோடுகள் முழுதாகத் தெரிகின்றனவே, படம் மட்டும் ஏன் ஓடவில்லை என்று வியக்கின்றனர். அக்கோடுகள் எக்ஸ்டெண்டருக்கும் கைபேசிக்கும் இடைப்பட்ட வலிமையைக் காட்டுவன. ரவுட்டரிடமிருந்து எக்ஸ்டெண்டருக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பதை அவை சொல்லமாட்டா.

அதை அளந்து காணலாம். சிக்னலின் வலிமையை டி.பி.எம். என்னும் அலகில் காட்டும் செயலிகள் பல உள்ளன. எண்கள் எதிர்க்குறியோடு வரும்; -50 நன்று, -80 மிக நலிவு. ஒவ்வொரு 3 குறையும்போதும் திறன் பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ரவுட்டரிலிருந்து மெல்ல நடந்து, எண் -65ஐ ஒட்டி நிற்கும் இடத்தைக் கண்டு அங்கே எக்ஸ்டெண்டரை வைப்பது என் வழக்கம். நம் ஊர் மாடி வீடுகளில் இவ்விடம் பெரும்பாலும் மாடிப்படியின் அருகில் அமையும். இரும்புக் கம்பி பாவிய கான்கிரீட் தளத்தைத் துளைத்துச் செல்வதைவிட, படிக்கட்டின் திறப்பு வழியே ஏறுவது அலைகளுக்கு எளிது. ஆனால் படித்திருப்பத்தில் பிளக் பாயிண்ட் வைத்துக் கட்டும் கொத்தனாரையோ வீட்டுக்காரரையோ நான் இதுவரை கண்டதில்லை! இரும்பு பீரோவின் பின்புறத்தையும் தண்ணீர்த் தொட்டியின் அருகையும் தவிர்த்தல் நலம். உலோகம் அலையைத் திருப்பிவிடும். நீர் அதை விழுங்கிவிடும்.

அஞ்சலுக்கு ஒரு விலையும் உண்டு. நம் மாணவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது பேச இயலாது. பேசும்போது கேட்க இயலாது. ஒற்றை ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டரின் நிலையும் இதுவே. ஒவ்வொரு செய்தியும் ஒரே அலைவரிசையில் இருமுறை பயணம் செய்வதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டிலும் இயங்குவன ஒன்றில் கேட்டு மற்றொன்றில் பேச வல்லவை. அவற்றில் இழப்புக் குறைவு. 2.4இன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5இன் அலைநீளம் 6 சென்டிமீட்டர். முன்னது சுவரை ஓரளவு ஊடுருவும், வேகம் குறைவு. பின்னது வேகமிக்கது, சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும்.

பொருத்தும் முறை எளிதே. முதலில் எக்ஸ்டெண்டரை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே செருக வேண்டும். ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். என்று எழுதிய பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடத்திற்குள் எக்ஸ்டெண்டரின் பொத்தானையும் அழுத்தினால் இரண்டும் அறிமுகமாகிவிடும். பொத்தான் இல்லையேல், எக்ஸ்டெண்டர் பரப்பும் தற்காலிகப் பெயரில் கைபேசியை இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுக்கலாம். பின்னர் கழற்றிக்கொண்டு போய், அளந்து வைத்த இடத்தில் செருகிவிட வேண்டியதுதான்.

இனிப் பெயருக்கு வருவோம். வைஃபை என்பதே 1999இல் ஒரு விளம்பரப் பெயராக்க நிறுவனம் படைத்துக் கொடுத்த சொல்; விரிவாக்கம் எழுதி மதிப்பெண் கேட்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க. நாம் வைக்கும் வலைப்பெயருக்கு எஸ்.எஸ்.ஐ.டி. என்று பெயர். ரவுட்டர் தன் பெயரை ஒரு நொடிக்குச் சுமார் பத்து முறை கூவிக்கொண்டே இருக்கும். எக்ஸ்டெண்டருக்கும் அதே பெயரை வைக்கலாம். வேறு பெயரும் வைக்கலாம். எது நல்லது?

என் தங்கை மகள் மாடியறையில் படிப்பவள். வேலைக்கான நேர்காணல் ஒன்று இணையவழியில் நடக்கவிருந்தது. வீட்டில் இரு கருவிகளுக்கும் ஒரே பெயர்தான். முன்னோட்டமாகத் தோழியிடம் பேசியபடி மடிக்கணினியோடு கூடத்திலிருந்து மாடிக்குப் போனாள். பேச்சு துண்டு துண்டாகிவிட்டது. எக்ஸ்டெண்டரோ ஐந்தடித் தொலைவில் இருக்கிறது! "பெயர் ஒன்றுதானே மாமா, பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் கீழே இருப்பதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பெயர் ஒன்றாயினும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட்டுகள் கொண்ட தனி அடையாள எண் உண்டு. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாகவே தெரியும். இரண்டில் எதைப் பற்றுவது என்று முடிவு செய்வது ரவுட்டரன்று, எக்ஸ்டெண்டருமன்று, கையிலுள்ள கருவியே. அது எளிதில் மனம் மாறாது. ஐபோன் இருக்கும் இணைப்பு -70க்குக் கீழே தாழ்ந்த பிறகே வேறொன்றைத் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் ஆவணங்களில் கூறுகிறது. பிற கருவிகளுக்கு அவற்றின் வழக்கம். இம்மாற்றத்தை எளிதாக்கும் தரநிர்ணயங்கள் 2008இலும் 2011இலும் வந்தன. எனினும் விலை மலிந்த எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் அவை இல்லை.

ஆகவே ஒரே பெயர் வைப்பது முடிவைக் கருவியிடம் விடுவதாகும்; இரு பெயர் வைப்பது முடிவை நம் கையில் வைத்துக்கொள்வதாகும். கைபேசியோடு வீடெங்கும் உலவுவோருக்கு ஒரே பெயர் வசதி. அப்போது கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் அமர்ந்து தேர்வு எழுதுவோருக்கும் நேர்காணல் தருவோருக்கும் தனிப் பெயரே சிறந்தது. அவளுடைய எக்ஸ்டெண்டருக்குத் தனிப் பெயரிட்டோம். மடிக்கணினியில் கீழ்த்தளப் பெயருக்குத் தானாக இணையும் வசதியையும் நிறுத்தினோம். நேர்காணல் முக்கால் மணி நேரம் தடையின்றி நடந்தது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்றும் அவள் கேட்டாள். தாராளமாக வைக்கலாம், ஆனால் எஸ்.எஸ்.ஐ.டி.க்கு 32 பைட்டுகளே இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழிலோ உயிர்க்குறி, புள்ளி உட்பட ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு. 'முல்லை இல்லம்' 37 பைட்டு ஆகிறது, இடம் போதாது. 'முல்லை மாடி' 31, அடங்கிவிடும். சில கருவிகள் தமிழ் எழுத்தைக் கட்டங்கட்டமாகக் காட்டும் என்பதும் உண்டு. எம்மொழியிலாயினும் கதவு எண்ணையோ வீட்டாரின் முழுப்பெயரையோ வைக்கலாகாது. தெருவில் போவோர் யாவரும் படிக்கத்தக்க பலகை அது.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்போர், ரவுட்டரிலிருந்து மாடிக்கு ஓர் ஈதர்நெட் கம்பியை இழுத்து எக்ஸ்டெண்டரின் துளையில் செருகி, அதனை 'ஆக்ஸஸ் பாயிண்ட்' முறையில் இயக்கலாம். அந்தத் துளை உள்ளதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பது கம்பியில், பேசுவது காற்றில் என்றாகிவிடுவதால் வேகம் பாதியாவதில்லை. சுவரில் துளையிட வீட்டுக்காரர் இசைந்தால் நான் பரிந்துரைப்பது இதையே. கம்பியின்றி எக்ஸ்டெண்டர் வைத்திருப்போருக்கு மற்றொரு குறிப்பு: இணைப்பு தருவோர் ரவுட்டரை மாற்றிக் கொடுத்தால், பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே புதியதற்கும் வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டெண்டர் பெரும்பாலும் ஆள் மாறியதே தெரியாமல் தன் அஞ்சலைத் தொடரும்.