ஏரி கடந்து செல்லும் தடுப்பூசி

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பங்கு கொண்டுள்ள பழவேற்காடு ஏரியின் கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. இக்குப்பங்களில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலை விரிப்பது என்பதை ஊரார் கூடி முறை வைத்து வகுத்துக் கொள்வர். முறைக்கு உரியவர் எவரும் விடுபடலாகாது என்பதே அதன் உயிர்நாடி. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் பணிக்கும் அதுவே உயிர்நாடியாகும்.

ஒரு குழந்தை விடுபட்டால் என்ன?

தட்டம்மை மிக விரைந்து பரவும் நோய். தடுப்பாற்றல் இல்லாதோர் நடுவே, நோயுற்ற ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதனைப் பரப்பக் கூடும். ஆதலின் நூற்றுக்கு 95 குழந்தைகளேனும் இரு தவணை ஊசியும் பெற்றிருத்தல் வேண்டும். மாவட்டக் கணக்கில் 95 என்று வந்துவிட்டாலும் மனநிறைவு கொள்ள இயலாது. விடுபட்ட குழந்தைகள் அனைவரும் ஒரே குப்பத்தினராக இருப்பின், நோய் அக்குப்பத்தையே தேடி வரும்.

குழந்தைகள் விடுபடுவதற்குப் பெற்றோரின் அறியாமை ஒன்றே காரணம் அன்று. பெண்கள் பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்கின்றனர். குழந்தையின் பெயர் ஓர் ஊரில் பதிவாக, குழந்தை வேறோர் ஊரில் வளர்கிறது. இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் தொழிலை நாடி இடம் மாறுகின்றன. சிலருக்கு உறவினர் மாநில எல்லைக்கு அப்பால் உள்ளனர். இவற்றையெல்லாம் ஈடு செய்வது ஊசி மருந்து அன்று. செம்மையான பதிவேடும், அதனை எடுத்துக்கொண்டு வீடுதோறும் செல்லும் ஊழியருமே.

மருந்தின் பயணம்

மீனைப் பனிக்கட்டியில் இட்டுக் காப்பதை அறிந்தவர்கள் நம் மீனவர்கள். தடுப்பு மருந்தும் குளிர்ச்சியில் இருத்தல் வேண்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் காத்தல் வேண்டும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி முதலிய ஐந்து நோய்களைத் தடுக்கும் மருந்து உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும். தட்டம்மை–ரூபெல்லா மருந்தைக் கரைத்தபின் 4 மணி நேரத்திற்குள் பயன்படுத்துதல் வேண்டும். மிகுந்ததை அகற்றிவிடல் வேண்டும். படகு தாமதமானால் மருந்தும் காலமும் வீணாகும். ஆகவே, படகை உரிய வேளையில் அமர்த்துவதும் மருத்துவப் பணியின் பகுதியே.

2008 தரும் பாடம்

2008 ஏப்ரலில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்த துயரம் நேர்ந்தது. அதன்பின், கிராமங்களில் ஊசி போடும் முறை மாற்றப்பட்டு, மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடும் ஏற்பாடு செய்யப்பட்டது. பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடு அது. ஆனால் தொலைவில் வாழும் தாய்க்கு அது ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் குறித்தது. இன்று கிராமங்களிலும் முகாம்கள் நடைபெறுகின்றன. அண்மையும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடலாகாது என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் குழந்தையை முகாமிலேயே வைத்திருக்கச் சொல்வது இதற்காகவே. அஞ்சும் தாயைக் கடிந்து பேசுதல் தகாது. அவள் கேள்விக்கு விடை கூறுதல் வேண்டும்.

உலகப் பணியின் கடைசிக் கண்ணி

உலக சுகாதார நிறுவனம் 1974-ல் விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அதனை அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15 கோடியே 40 லட்சம் உயிர்களைக் காத்துள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியா 1978-ல் இத்திட்டத்தை மேற்கொண்டது. நம் நாட்டில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது. இயற்கையான இளம்பிள்ளை வாதக் கிருமியால் நேர்ந்த கடைசி நோய் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது. உலகம் தழுவிய இப்பெரும் பணியின் கடைசிக் கண்ணியாக நிற்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவர் கருவுற்ற பெண்களைப் பதிவு செய்கிறார். பிறந்த குழந்தைக்குத் தவணை குறிக்கிறார். வாராதவரைத் தேடிச் செல்கிறார்.

பள்ளி இறுதி வகுப்பு முடித்த குப்பத்துப் பெண்கள் இத்தொழிலை எண்ணிப் பார்த்தல் நலம். இரண்டாண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி இதற்கு வாயிலாகும். ஏரியின் நீரோட்டத்தையும், எக்குடும்பம் எப்பருவத்தில் எங்கே இருக்கும் என்பதையும் அறிந்த பெண் இப்பணியில் சிறந்து விளங்குவாள். அவ்வறிவை எப்பயிற்சி நிலையமும் கற்பிக்க இயலாது.

மன்றத்தில் விவாதிக்க

1. நம் குப்பத்தில் தாய்வீட்டில் பிறந்த குழந்தைகள் எத்தனை? அவர்களின் தாய் சேய் நல அட்டைகள் எங்கே உள்ளன?

2. முகாம் நாளில் செவிலியருக்குப் படகு கொடுக்கும் பொறுப்பை, பாடு முறைபோல், ஊரார் முறை வைத்து ஏற்க இயலுமா?

3. இரண்டாம் தவணைத் தட்டம்மை ஊசி பெறாத குழந்தைகள் எவர் எவர்?

மூன்றாம் கேள்விக்குப் பெயர்களாகவே விடை எழுதிச் செவிலியரிடம் கொடுங்கள். அப்பட்டியலில் ஒரு பெயரும் எஞ்சாத நாளே உங்கள் குப்பம் வென்ற நாள்.